இரண்டு மணி பத்து நிமிடம்

இசிப்பிங்கோவுக்குத் தெற்கே
கரும்பு முடிந்து மணல் தொடங்கும் இடத்தில்
எங்கள் சோதனைத் திடல்.
பதுங்கறைக் கண்ணாடி மூன்று விரற்கடைத் தடிமன்.
அதன் வழியே பார்த்தால்
கடலுக்கே கொஞ்சம் பாசி பிடித்திருக்கும்.

அன்று செவ்வாய். வடகிழக்குக் காற்று.
புதுக் கலவைக்குப் பெயர் வைக்கவில்லை, எண்தான்:
நாற்பத்தொன்று.
பழையதைப்போல் இரண்டரை மடங்கு என்றது கணக்கு.
அந்த இரண்டரைக்குப் பக்கத்தில்
கூடவோ குறையவோ ஒன்று
என்று எழுதியிருந்தேன்.
அந்த ஒன்றைத் தட்டச்சில் விட்டுவிட்டார்கள்.
இடம் போதவில்லையாம்.

ஃபான் ஸ்கால்க்விக் எண்ணினார்,
ஆஃப்ரிகான்ஸில், பத்திலிருந்து கீழாக.
பூஜ்யத்துக்கு எல்லோரும் வாயைத் திறந்துகொண்டோம்,
செவிப்பறை கிழியாமலிருக்க.

ஒன்றுமில்லை.

வேலிமேல் ஒரு குரங்கு உட்கார்ந்து
குட்டிக்குப் பேன் பார்த்தது.
நாங்கள் இன்னும் வாயை மூடவில்லை.

வெடித்தால் அளக்கலாம்.
அழுத்தம், வேகம், குழியின் ஆழம்,
எல்லாவற்றுக்கும் கட்டம் போட்ட தாள் உண்டு என்னிடம்.
வெடிக்காததை எந்தக் கட்டத்தில் எழுத?
செத்துவிட்டதா, தூங்குகிறதா,
இல்லை
அதுவும் உள்ளே எண்ணிக்கொண்டிருக்கிறதா?

விதிப்புத்தகத்தில் முப்பது நிமிடம் என்றிருந்தது.
அது பழைய மருந்துக்கு எழுதியது, என்றேன்.
"அப்படியானால் இதற்கு எவ்வளவு, மிஸ் படையாச்சி?"
அறை முழுக்க என் பக்கம் திரும்பியது.
எட்டு வருஷத்தில் முதல் தடவை.

தெரியாது என்றேன்.
தெரியாது என்பது எண் இல்லை என்றார்.

போய்ப் பார்ப்பது யார் என்று மட்டும்
யாரும் கேட்கவில்லை.
செலே அதற்குள் பூட்ஸ் கயிற்றை முடிந்துகொண்டிருந்தார்.
எப்போதும் அவர்தான்.
இடது காலுக்கு வேறு நிறக் கயிறு.

மில்லியனில் மூன்று
என்று வாரியத்துக்கு எழுதி அனுப்பியிருந்தோம்
ஆபத்தின் அளவை.
அந்த மில்லியனில் வேறு எவரையும் எனக்குத் தெரியாது.
இவரைத் தெரியும்.
மதியம் என் மாங்காய் ஊறுகாயைக் கேட்டு வாங்கி
ரொட்டிக்குள் வைத்துத் தின்பவர்.

"இரண்டு மணி பத்து நிமிடம்."
என் குரல்தான்.
இரண்டு மணி வயிற்றிலிருந்து வந்தது.
பத்து நிமிடம்,
முழு எண்ணை எவரும் நம்பமாட்டார்கள் என்பதற்காக.

எப்படி வந்தது என்று கேட்காமல்
மையில் எழுதிக்கொண்டார்.

காத்திருந்தோம். தேநீர் ஆறி ஆடை படிந்தது.
நேரம் வந்ததும் செலே நடந்தார்.
இருநூற்றுப் பதினான்கு அடி,
ஒவ்வொன்றையும் நான் எண்ணினேன், தமிழில்.
குனிந்தார்.
நிமிர்ந்தபோது கையில் ஒரு முழம் கம்பி.
குரங்கு கடித்த கம்பி.

பதுங்கறையே சிரித்தது. நானும்.
நாற்பத்தொன்றுக்கு நெருப்பே போய்ச் சேரவில்லை.
அது எதையும் மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.
அன்று நாங்கள் கற்றது
குரங்கின் பல்லைப் பற்றி மட்டும்.

போன மாதம் யாரோ கொண்டுவந்து காட்டினார்கள்
கையேட்டின் ஒன்பதாம் பதிப்பை.
வெடிக்காவிட்டால் காத்திருக்க வேண்டிய நேரம்:
இரண்டு மணி பத்து நிமிடம்.
அடிக்குறிப்பு: சோதனை வழி நிறுவப்பட்டது.

கடிதம் எழுதினேன்.
அது என் பயத்தின் நீளம், மருந்தினுடையது அல்ல என்று.
பதில் மரியாதையாக வந்தது:
திருத்த வேண்டுமானால்
தக்க ஆதாரம் இணைத்து அனுப்பவும்.

இந்த நேரம் ஏதோ ஒரு சுரங்கத்தில்
நான் பார்த்தேயிராத ஒருவன்
கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான்.
இரண்டு மணி ஒன்பது.
பூட்ஸ் கயிற்றை
இறுக்கிக்கொள்வான்.